மானிப்பாய்: மண்ணும் மக்களும் பூட்டிய படலைகளும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எமது ஊரைப் பற்றிப் பேசும்படி கேட்டீர்கள். வரலாற்று ஆசிரியர் ஒருவரைக் கேட்டிருந்தால் பெருமைகளோடு நிறுத்தியிருப்பார். வைத்தியரைக் கேட்டுவிட்டீர்கள், ஊரின் நோயையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

யாழ் நகரிலிருந்து காரைநகர் வீதியில் ஏறத்தாழ ஐந்து மைல் வந்தால் மானிப்பாய். ஆனைக்கோட்டை, சுதுமலை, நவாலி, சங்குவேலி, சண்டிலிப்பாய் எல்லாம் அயல். நகரமென்றும் சொல்லமுடியாது, கிராமமென்றும் சொல்லமுடியாது. நிலத்தின் கீழே சுண்ணாம்புக்கல். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டுந்தான். ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மழையைக் கல் உறிஞ்சிவைக்க, கிணறு அதை எமக்குத் தருகிறது. வளவுக்கு வளவு கிணறு இருப்பது அதனால்தான்.

இச்சிறிய ஊரிலிருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்தில்தான் 58,500 சொற்கள் கொண்ட மானிப்பாய் அகராதி 1842இல் அச்சேறியது. வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இலங்கை வந்து, மறு வருடம் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம், கெமிஸ்தம் என்று நூல்களையும் தமிழாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியே போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் சனங்களோடு நிற்பார்கள் என்பது அவருடைய கணிப்பு. நாம் மருத்துவத்தை ஆங்கிலத்தில்தான் படித்தோம். எம்மில் எத்தனை பேர் ஊரில் நிற்கிறோம் என்று இச்சபையில் கைதூக்கச் சொல்லமாட்டோம்!

போனவர்களைக் குறைசொல்ல வரவில்லை. எமது பாட்டன்மார் காலத்திலேயே மலாயாவுக்குப் போனார்கள், பிறகு கொழும்பு, 1983இன் பின் எல்லாத் திசைகளும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளியேறியபோது எமது வகுப்பும் புத்தகப்பையோடு அந்தச் சனத்துக்குள் நடந்தது. திரும்பி வந்தபோது வாங்குகளில் இடைவெளிகள் இருந்தன. 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாவட்டத்தில் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர். அடுத்த முழுமையான கணக்கெடுப்பு 2012இல். 5 இலட்சத்து 83 ஆயிரம். முப்பத்தொரு வருடங்களில் கூடவேண்டிய தொகை குறைந்திருக்கிறது. பூட்டிய படலைகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. நாம் ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும்போது காண்பவை அவைதான்.

பூட்டிய வீட்டின் பீலியில் சருகு அடைத்து மழைநீர் நிற்கும். மூடியில்லாத தண்ணீர்த் தாங்கியிலும், பாவிக்காத கழிவறைத் தொட்டியிலும், முற்றத்துச் சிரட்டையிலும் நிற்கும். டெங்கு நுளம்பு இட்ட முட்டை, ஈரமில்லாமலே பல மாதங்கள் உயிரோடு கிடக்கும்; மழை பட்டால் ஒரு வாரம் பத்து நாளில் நுளம்பாகிவிடும். அது பறக்கும் தூரம் சில நூறு மீற்றர். அதாவது, அடுத்த வளவில் தனியே இருக்கும் உங்கள் மாமியிடமும், முன்வீட்டுக் குழந்தையிடமும்தான் அது போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாட்டில் ஒரு கட்டிலில் இருவர் படுக்கும்போது, எந்த ஒழுங்கையிலிருந்து வந்தார்கள் என்று கேட்டாலே எமக்கு அந்தப் படலை ஞாபகம் வந்துவிடும்.

வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகள் கல்லூரிக்குச் செய்யும் உதவி கொஞ்சமல்ல. அவர்களிடம் இன்னுமொன்று கேட்கிறோம். இதற்குக் காசு பெரிதாக வேண்டாம். வீட்டுத் திறப்பொன்றை அயலில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். புரட்டாதியில் பீலியைத் துப்புரவாக்கவும், தாங்கியைக் கவிழ்க்கவும், கிணற்றுக்கு வலை போடவும் அவருக்குச் சொல்லுங்கள். அவருடைய தொலைபேசி எண்ணைச் சுகாதாரப் பணிமனையிலும் சங்கச் செயலாளரிடமும் பதிந்துவிடுங்கள். பெயர்கள் பதியும் கொப்பி இன்று வாசல் மேசையில் இருக்கிறது.