ஆகாய விமானத்தில் ஒரு வளையம்



ஒலுவில் துறைமுகத்துக்கு அருகே, மாலை வெயில் தணிந்த வேளையில், கடற்கரை மணலிலே ஒரு சிறுமி வளையம் சுற்றிக்கொண்டு நின்றாள். இடுப்பைச் சுற்றி வளையம் ஓட, பக்கத்தில் நின்ற தம்பி எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தான். கடைகளில் விற்கும் பளபளப்பான வளையமன்று அது. கிணற்று நீரை வயலுக்குக் கொண்டு செல்லும் கரிய நிறக் குழாயை வளைத்துச் செய்தது. அந்த வளையத்தின் கதையையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சிறுமியின் வாப்பா என் அயல்வீட்டுக்காரர். வளைகுடா நாடொன்றில் சாரதியாகத் தொழில் புரிபவர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்ப ஆயத்தமானபோது, மகள் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “வாப்பா, இடுப்புல சுத்துற வளையம் ஒண்டு கொண்டு வாங்க.” அவரும் 90 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அழகிய வளையமொன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு விமான நிலையம் சென்றார். அங்கே பொதிகளை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் இருந்தவர், “இது அளவுக்கு மிஞ்சியது, தனிக் கட்டணம் உண்டு” என்றார். கட்டணமோ வளையத்தின் விலையைப் போலப் பல மடங்கு. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவர் வளையத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்தபோது மகள் பெட்டியைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் அடங்காத பொருளல்லவா அது? வாப்பாவின் முதுகுப் பக்கத்தையே எட்டி எட்டிப் பார்த்தாளாம்.

“அரைக் கிலோகூட இல்லாத பொருள்; இதைத் தூக்க விமானத்துக்கு என்ன வருத்தம்?” என்று அவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயினும் விமானம் நிறையை மட்டும் சுமப்பதில்லை, இடத்தையும் சுமக்கிறது. விமான நிறுவனங்கள் பல, ஒரு பொதியின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் கூட்டி, அத்தொகை 158 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என்று விதித்திருக்கின்றன. 90 சென்ரிமீற்றர் வளையத்துக்கு நீளம் 90, அகலம் 90, தடிப்பு இரண்டரை. கூட்டினால் 182½ ஆகிறது. 75 சென்ரிமீற்றர் வளையமாயின் 152½; அது தப்பிவிடும். விமானச் சரக்குக் கணக்கு இன்னும் வேடிக்கையானது. மூன்று அளவுகளையும் பெருக்கி, வருவதை 6000 ஆல் வகுத்து, அதையே கிலோகிராமாகக் கொள்வது அங்கே பெருவழக்கு. அக்கணக்கின்படி நம் வளையம் ஏறத்தாழ 3.4 கிலோ! வளையத்தின் நடுவிலுள்ள வெறும் காற்றுக்கும் வானத்திலே வாடகை உண்டு என்பதே இதன் பொருள்.

குழந்தைகள் வளையத்தை உருட்டி விளையாடுவது பண்டைக் கிரேக்கர் காலத்திலேயே இருந்தது. நம் கிராமங்களில் துவிச்சக்கர வண்டியின் பழைய டயரைக் கோலால் தட்டி ஓட்டாத பிள்ளையும் உண்டோ? அவுஸ்திரேலியப் பாடசாலைகளில் மூங்கில் வளையங்களை இடுப்பில் சுற்றிப் பயிற்சி செய்கிறார்கள் என்று கேள்வியுற்ற அமெரிக்க வணிகர் இருவர், ரிச்சர்ட் நேர், ஆதர் மெலின் என்போர், 1958 ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் குழாயினால் வளையம் செய்து, ஹவாய்த் தீவு நடனத்தின் பெயரால் அதனை ‘ஹூலா ஹூப்’ என்று அழைத்தார்கள். நான்கே மாதங்களில் இரண்டரைக் கோடி வளையங்கள் விற்பனையாயின என்பர். பின்னர் 1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் போட்டியில் தாளலய உடற்பயிற்சி இடம்பெற்றபோது, வளையமும் அவ்வரங்கில் ஏறியது. போட்டி வளையத்தின் உள்விட்டம் 80 முதல் 90 சென்ரிமீற்றர் வரை இருக்கவேண்டும். ஆகவே, நாடுவிட்டு நாடு பறக்கும் வீராங்கனைகளுக்கும் அந்த 158 என்ற வேலி உண்டு.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. எட்டுத் துண்டுகளாகக் கழற்றத்தக்க வளையங்கள் உண்டு. 90 சென்ரிமீற்றர் வளையத்தின் சுற்றளவு 283 சென்ரிமீற்றர் ஆதலால், ஒவ்வொரு துண்டும் 35 சென்ரிமீற்றர் அளவில் அமைந்து கைப்பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரே இடத்தில் மட்டும் பூட்டுள்ள மெல்லிய வளையமாயின், பூட்டைத் திறந்து இரட்டைச் சுருளாக்கலாம். விட்டம் பாதியாகக் குறைந்து 45 ஆகும். எதுவாயினும், பயணச் சீட்டு வாங்கும்போதே நிறுவனத்திடம் அளவு கேட்டுக்கொள்வது நன்று. விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

என் அயலவருக்கு இந்தக் கணக்கெல்லாம் காலம் கடந்து கிடைத்தது. எனினும் சுற்றளவு என்ற ஒரு சொல் அவர் மனத்தில் தைத்தது. மறுநாட் காலை அக்கரைப்பற்றுக்குச் சென்று, முக்கால் அங்குல நீர்க்குழாயில் 283 சென்ரிமீற்றர் வெட்டி வாங்கினார். இணைப்பதற்கு ஒரு பொருத்தியும் வாங்கினார். உம்மா நீர் கொதிக்கவைக்க, குழாயின் இரு முனைகளையும் அதில் தோய்த்து இளக்கி, பொருத்தியைச் செருகினார்கள். குளிர்ந்ததும் குழாய் இறுகிப் பிடித்துக்கொண்டது. மகள் அருகிலேயே குந்தியிருந்து யாவற்றையும் பார்த்திருக்கிறாள். அன்று மாலையே நான் அவளைக் கடற்கரையில் கண்டேன். “நாற்பத்தொண்டு!” என்று தம்பி கூவியபோது, சற்று அப்பால் நின்ற வாப்பா முகத்தைக் கடலின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் பார்த்த திசையில் துறைமுகத்தின் வாயில் இருந்தது. மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் கண்ட கனவு அது. டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் கட்டப்பெற்று, 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் அலை கொணரும் மணல் வாயிலை அடைத்தது. வடபுறக் கரையையோ கடல் அரித்தது. மீன்பிடிப் படகுகளும் உள்ளே வர இயலாது தவித்த காலங்கள் உண்டு. பெரிய துறைமுகமாயினும் சிறிய வளையமாயினும், வாயிலின் அளவை முன்னரே அறியாவிட்டால் ஆசை வெளியிலேயே நின்றுவிடுகிறது. துறைமுகத்து மணலை அகற்றுவது ஒரு தந்தையால் ஆகும் காரியமன்று. ஒரு குழாயை வளைப்பது அவரால் ஆயிற்று.

கடல் கடந்து உழைக்கும் தந்தையரே, அன்னையரே! அடுத்த முறை பிள்ளை வளையம் கேட்டால், அளவைக் கேட்டு அறிந்துகொண்டு வாருங்கள். கொண்டுவர இயலாமற்போனாலும் மனம் தளர வேண்டாம். குழாய் நம் ஊரிலேயே கிடைக்கிறது. பிள்ளை காத்திருப்பது அதை வளைக்கும் கைகளுக்காகத்தான்.