பீட்டா எதற்கு?

மென்பொருள் முழுதாக முடியும் முன்பே அதைப் பொதுமக்களிடம் கொடுப்பதுண்டு. அதுதான் பீட்டா பதிப்பு. காரணம், அலுவலகத்தில் சோதிப்பவர்கள் கொஞ்சம் பேர். வெளியே பயன்படுத்துபவர்கள் பலவிதம். மலேசியாவின் சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் பழைய கைப்பேசி, அடுத்த வீட்டில் புதியது. ஒருவர் தமிழில் தட்டுகிறார், இன்னொருவர் மலாயில், மற்றவர் சீனத்தில். இத்தனையையும் ஒரு சோதனைக்கூடத்தில் அடைக்க முடியாது. வெளியே கொடுத்தால்தான் பிழை வெளியே வரும். பிழை இருக்கும் என்பதால், வங்கிக் கணக்குள்ள கைப்பேசியில் பீட்டாவை ஏற்றாமல் இருப்பதே நல்லது.

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை முன்னின்று கொண்டுவந்த குரோம் உலாவியும் 2008 செப்டம்பரில் பீட்டாவாகத்தான் வந்தது. குறைகள் திருத்தப்பட்டு, டிசம்பரில் பீட்டா என்ற பெயர் நீங்கியது. 2004-இல் வந்த ஜிமெயிலோ 2009 வரை பீட்டாதான். அது கொஞ்சம் அதிகம்!