வளையல் சில்லும் மதில் சுவரும்

ஓசூர் சிப்காட் பக்கம் மதில்களுக்குப் பஞ்சமில்லை. நகரம் தொரப்பள்ளி வரைக்கும் நீண்டுவிட்டதால் இன்னும் பல எழும். அவற்றுக்கு அழகு சேர்க்க நினைத்தால் உடனே பெயின்ட் டப்பாவைத்தான் தேடுகிறோம். வெயிலும் மழையும் படுகிற சுவருக்குக் கண்ணாடிதான் ஏற்றது, அதிலும் சிற்பமாகப் புடைத்து நிற்கும் கண்ணாடி என்பது என் கட்சி. பெயின்ட்டின் நிறம் மேலே பூசியது. வெயில் அதைத் தின்றுவிடும். கண்ணாடியின் நிறமோ உருக்கும்போதே உள்ளே கலந்தது. உதய்ப்பூர் அரண்மனையின் மயில் முற்றத்தில் 19-ஆம் நூற்றாண்டில் பதித்த கண்ணாடி மயில்கள் இன்றும் சுவரைவிட்டுப் புடைத்து மின்னுகின்றன.

நம் காலத்துச் சான்று சண்டிகரில் இருக்கிறது. நேக் சந்த் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே வரைந்த நகரத்துக்காகப் பழைய ஊர்களை இடித்தபோது குவிந்த ஓட்டையும் பீங்கானையும் உடைந்த வளையலையும் 1950-களின் பிற்பகுதியிலிருந்து சேர்த்து, காட்டோரம் ரகசியமாகச் சிலைகள் செய்தார். 1970-களில் அதிகாரிகளின் கண்ணில் பட்டது. அரசு நிலத்தில் அனுமதியில்லாத வேலை, இடித்தே இருக்கலாம். மக்கள் விரும்பியதால் பிழைத்தது. 1976-இல் அதை 'ராக் கார்டன்' என்று திறந்துவிட்டார்கள். அந்த வளையல்களைக் கொஞ்சம் கவனியுங்கள், நேயர்களே. தட்டையான ஓட்டுத் துண்டைத் தோள்பட்டையின் உருண்டையில் பதித்தால் விளிம்பு துருத்தும். வளையல் சில்லு பிறவியிலேயே வளைந்தது. கைக்கும் இடுப்புக்கும் தானாகப் பொருந்தும். ஒவ்வொரு சில்லும் வேறு கோணத்தில் நிற்பதால், பார்ப்பவர் ஓரடி நகர்ந்தாலே மின்னும் இடம் மாறும். இத்தாலியின் ராவென்னா தேவாலயங்களில் 6-ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர்கள் தங்க முலாமிட்ட கண்ணாடிச் சில்லுகளைச் சற்றே சாய்த்துப் பதித்ததும் இதற்காகத்தான். அப்படியானால் சிலைக்கு மேலே போட்ட நகையல்ல கண்ணாடி. உருவத்தை நம் கண்ணுக்குக் காட்டித்தருவதே அதுதான்.

"குப்பையை ஒட்டுவது பொழுதுபோக்கு, சிற்பமாகுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நேக் சந்த் கலைக்கல்லூரியில் பயின்றவரும் அல்லர். ஆனால் எந்தச் சில்லு எந்த வளைவுக்கு என்று தேர்ந்தெடுப்பதில்தானே சிற்பியின் கண் இருக்கிறது? 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது வராவிட்டாலும் என் வாதம் மாறாது. இன்னொரு கேள்வி கனமானது: சில்லு உதிராதா, பிள்ளைகளின் கையைக் கிழிக்காதா? கிழிக்கும், கூர் விளிம்பைத் தேய்க்காமல் பதித்தால். உதிரவும் செய்யும், வெடிப்பு வழியே நீர் இறங்கி உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்தால் சிமென்ட்டே பிளந்துவிடும். ஆகவே கம்பிக்கு மேல் போதிய கனத்தில் பூச்சு வேண்டும், ஆண்டுக்கொரு முறை பார்வையிட ஆள் வேண்டும். கூலி பெயின்ட்டைவிடக் கூடத்தான். ஆனால் வெளுத்த ஓவியத்தை முழுக்கச் சுரண்டித் திரும்ப வரைய வேண்டும். கண்ணாடிச் சிற்பத்தில் சில்லு விழுந்த இடத்தை மட்டும் அடைத்தால் போதும். சில்லைவிடப் பெரிய ஆபத்து மனிதர்கள்தான்: 2025-இல் உயர்நீதிமன்றச் சாலை, வாகன நிறுத்த வேலைக்காக ராக் கார்டன் மதிலிலேயே ஒரு பகுதியை இடித்தார்கள்.

மறுபடி ஓசூர்ப் பக்கமே வருவோம். தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. அதற்குப் போகிற சாலையில் ஏதாவதொரு தொழிற்சாலை தன் மதிலில் பத்தடியை ஒரு சிற்பிக்கு விட்டுக்கொடுக்கும் என்று நம்புகிறேன். உடைந்த வளையலை நாம் கொடுத்துவிடலாம்.