சர்வதேச வர்த்தகமும் சமத்துவமும்

(மயிலாப்பூரில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் கல்வி நிலையங்களில் சர்வதேச வர்த்தகம் பற்றியும், பல நாட்டுக் கலாச்சார உறவு பற்றியும் கருத்தரங்குகள் நடக்கின்றன. ஜப்பானியரிடம் விசிட்டிங் கார்டை இரு கையாலும் நீட்ட வேண்டும், கொரியாவில் மூத்தவர்களைத் தலைவணங்கி வரவேற்க வேண்டும் என்றெல்லாம் இத்துறையில் பாடம் உண்டு. நல்லதுதான், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் உறவு என்பது உபசாரத்தோடு முடிந்துவிடுகிறதா?

அடையாற்றுக்கு அருகே சர்தார் பட்டேல் சாலையில் இருக்கும் ஐ.ஐ.டி.யைப் பாருங்கள். 1956இல் மேற்கு ஜெர்மன் சர்க்கார் உதவ முன்வந்தது. 1959இல் பான் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவ்வாண்டு ஜூலை 31இல் மத்திய மந்திரி ஹுமாயூன் கபீர் அதைத் தொடங்கிவைத்தார். மேற்கு ஜெர்மனி தன் நாட்டுக்கு வெளியே நடத்திய கல்வித் திட்டங்களில் அன்று இதுவே மிகப் பெரியது. யந்திரங்கள் வந்தன, பேராசிரியர்கள் வந்தார்கள், பட்டறையில் தொழில் கற்பிக்க ஃபோர்மன்களும் வந்தார்கள். நம் ஆசிரியர்கள் அங்கே சென்று பயிற்சி பெற்றார்கள்.

அன்று பம்பாய்க்குச் சோவியத் யூனியனும், கான்பூருக்கு அமெரிக்காவும், டில்லிக்குப் பிரிட்டனும் உதவின. ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அரசியல் கணக்கு இருந்தது. ஆனாலும் நிலையங்கள் நமது பார்லிமெண்டின் சட்டத்துக்கு உட்பட்டவையாகவே நின்றன. வந்தவர்கள் வித்தையைக் கொடுத்துவிட்டுச் சென்றார்கள். அது இங்கே தங்கி வளர்ந்தது. இதுவன்றோ உறவு!

இனி இன்றைய வர்த்தகத்துக்கு வருவோம். தி. நகர்க் கடைகளில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றில் சாம்சங் முத்திரையோடு இருப்பவற்றைச் செய்யும் ஆலை ஒன்று ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது. 2024 செப்டம்பர் 9இல் அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டார்கள். சங்கத்தின் பெயரில் "சாம்சங்" என்ற சொல் வரக்கூடாதென்று நிர்வாகம் ஆட்சேபித்தது. 37 நாள் போராட்டம் நடந்தது. வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று.

அந்தப் பெயரைத் தாங்கிய பெட்டியைச் செய்கிறவன், அதே பெயரில் சங்கம் வைக்கக் கூடாதா? கொரிய அதிகாரிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் நடுவே எழுந்த இந்தக் கேள்வி கலாச்சார உறவைச் சேர்ந்ததில்லையா? கருத்தரங்க மேடையில் இதற்கும் ஓர் இடம் வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று பெற்றுக்கொண்ட நாம் இன்று கொடுக்கவும் போகிறோம். 2023இல் சென்னை ஐ.ஐ.டி. ஆப்பிரிக்காவின் ஜான்சிபாரில் தன் கிளையைத் திறந்தது. அங்கே நாமே அன்னியர். வித்தை அந்த மண்ணில் தங்குமா, அங்குள்ள இளைஞர்கள் நாளை அங்கே பேராசிரியர்கள் ஆவார்களா என்பதை வைத்துத்தான் நம்மையும் அளக்க வேண்டும்.

நண்பர்களே! உங்களில் பலர் நாளை அன்னியக் கம்பெனிகளில் அதிகாரிகளாகப் போவீர்கள். அடுத்த கருத்தரங்கில் எழுந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒப்பந்தத்தின் ஷரத்துகள் என்ன? தொழில் நுணுக்கம் யாரிடம் தங்கும்? உழைப்பவனுக்குப் பேச உரிமை உண்டா? இவற்றுக்குப் பதில் கிடைத்தபின் கை குலுக்குங்கள். அந்தக் கைகுலுக்கலுக்கு அர்த்தம் உண்டு.