பிள்ளைக்கு எந்தப் பள்ளி?



பள்ளி திறக்கும் மாதம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? பக்கத்துப் பள்ளியா, தூரத்துப் பள்ளியா? அரசுப் பள்ளியா, பணம் கட்டும் பள்ளியா? அங்கே நம் பிள்ளையை மதிப்பார்களா? கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுவார்களா?

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியது அல்ல. கடல் கடந்து, அமெரிக்காவில் வாழும் கறுப்பினத் தாய் தகப்பன்மாருக்கும் இதே கவலை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் இந்தக் கேள்வியோடு போராடி வருகிறார்கள். அவர்களுடைய கதைதான் இன்றைய பேச்சு.

படித்தால் குற்றம்

கறுப்பின மக்கள் தாங்களாக விரும்பி அமெரிக்கா போகவில்லை. ஆப்பிரிக்காவில் பிடித்து, விலங்கு பூட்டி, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். மாட்டை விற்பது போல மனிதரை விற்றார்கள். பருத்திக் காட்டில் வேலை வாங்கினார்கள்.

 அடிமைகள் எழுதப் படிக்கக் கூடாது. தென் கரோலினா என்ற இடத்தில், அடிமைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதை 1740-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பிறகு வேறு பல மாநிலங்களிலும் இப்படிச் சட்டம் வந்தது.

ஏன் இந்தப் பயம்? படித்தவன் கேள்வி கேட்பான். கேள்வி கேட்பவனை அடிமையாக வைத்திருக்க முடியாது.

பிரெடரிக் டக்ளஸ் என்ற அடிமைச் சிறுவன் பால்டிமோர் நகரில் இருந்தான். எசமானியம்மாள் அவனுக்கு எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தாள். எசமான் அதைக் கண்டு தடுத்துவிட்டான். சிறுவன் விடவில்லை. தெருவில் ஏழை வெள்ளைப் பையன்கள் விளையாடுவார்கள். அவர்களுக்கு ரொட்டித் துண்டு கொடுத்து, பதிலுக்குப் பாடம் கேட்டுக்கொண்டான். 1838-ல் தப்பி ஓடினான். 1845-ல் தன் வாழ்க்கையைத் தானே புத்தகமாக எழுதி வெளியிட்டான். உலகம் போற்றும் பேச்சாளர் ஆனார் அந்த டக்ளஸ்.

1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அந்தச் சேதி நம் நாட்டுக்கும் எட்டியது. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-ல் தாம் எழுதிய நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கை ஆக்கினார்.

விடுதலை பெற்ற மக்கள் முதலில் தேடிப் போனவற்றில் ஒன்று பள்ளிக்கூடம். தாத்தாவும் பேரனும் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள்.

கைசேர்த்துக் கட்டிய பள்ளிகள்

விடுதலை வந்தது. சமத்துவம் வரவில்லை. வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தவருக்கு வேறு பள்ளி. வசதி சமமாக இருந்தால் பிரித்து வைப்பது தவறல்ல என்று 1896-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சமம் என்பது ஏட்டில்தான். வெள்ளைப் பிள்ளைகள் படித்துக் கிழித்த புத்தகம்தான் பல ஊர்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வந்து சேரும். கூரை ஒழுகும். பருத்தி எடுக்கும் காலத்தில் பள்ளியே நடக்காது.

பெற்றோர் கைகட்டி நிற்கவில்லை. புக்கர் வாஷிங்டன் என்ற கறுப்பினக் கல்வியாளரும், ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற வணிகரும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். செலவில் ஒரு பங்கு நிதியிலிருந்து வரும். மற்றொரு பங்கை ஊர் மக்கள் தர வேண்டும். அரசும் தர வேண்டும். காசு உள்ளவர் காசு கொடுத்தார். நிலம் உள்ளவர் நிலம் கொடுத்தார். ஒன்றும் இல்லாதவர் மரம் அறுத்தார், சுவர் எழுப்பினார். 1932 வரை ஏறத்தாழ 5000 பள்ளிக் கட்டடங்கள் எழுந்தன.

ஒரு தகப்பன் போட்ட வழக்கு

கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்று ஓர் ஊர். அங்கே ஆலிவர் பிரவுன் என்பவர் ரயில்வே பணிமனையில் வெல்டர் வேலை பார்த்தார். அவருடைய மகள் லிண்டா. வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளி இருந்தது. ஆனால் அது வெள்ளையர் பள்ளி. லிண்டா ரயில் பாதைப் பக்கமாக நடந்து, பிறகு பேருந்து ஏறி, தூரத்துப் பள்ளிக்குப் போக வேண்டும்.

1950-ல் தகப்பன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்குப் போனார். இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவரும் மற்ற பெற்றோர் பன்னிரண்டு பேரும் வழக்குத் தொடர்ந்தார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிண்டா படித்த பள்ளியில் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் மீது பெற்றோருக்குக் குறை இல்லை. "என் பிள்ளை ஏன் ஒதுக்கப்பட வேண்டும்?" என்பதுதான் கேள்வி.

ஒதுக்கி வைத்தால் பிள்ளையின் மனம் என்ன ஆகும்? கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதியர் இதை ஆராய்ந்தார்கள். கறுப்பினக் குழந்தைகள் முன் பொம்மைகளை வைத்தார்கள். சில வெள்ளை, சில கறுப்பு. எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பல குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. எது கெட்டது என்றால் கறுப்புப் பொம்மையைக் காட்டின. உன்னைப் போல் இருப்பது எது என்று கேட்டதும் சில குழந்தைகள் அழுதுவிட்டன.

இந்த ஆய்வும் நீதிமன்றத்துக்குப் போனது. வேறு ஊர்களின் வழக்குகளும் டொபீகா வழக்கோடு சேர்ந்தன. 1954 மே 17 அன்று நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். நிறம் பார்த்துப் பள்ளியைப் பிரிப்பது சட்டத்துக்கு விரோதம் என்றார்கள்.

ரூபியின் தாயும் தகப்பனும்

தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் பிள்ளையை அங்கே அனுப்பப் போவது யார்?

நியூ ஆர்லியன்ஸ் நகரில் ரூபி பிரிட்ஜஸ் என்று ஆறு வயதுச் சிறுமி. 1960-ல் அவளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க அழைப்பு வந்தது.

தகப்பன் வேண்டாம் என்றார். அவர் கொரியப் போரில் சண்டை போட்டவர். நாட்டுக்காக உயிரைக் கொடுக்கப் போனபோதும் கறுப்பினத்தவர் என்றே நடத்தினார்கள். இனி எது மாறப் போகிறது? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

தாய் போகட்டும் என்றார். அவர் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர். வயல் வேலையால் படிப்பு நின்றுபோனது. தன் பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது. மற்ற பிள்ளைகளுக்கும் வழி திறக்க வேண்டும்.

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் தாயின் சொல் நின்றது.

1960 நவம்பர் 14 அன்று காவல் அதிகாரிகள் நான்கு பேர் சூழ ரூபி பள்ளிக்குப் போனாள். வாசலில் பெருங்கூட்டம். கூச்சல், வசவு. வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ரூபிக்குப் பாடம் சொல்ல பார்பரா ஹென்றி என்ற ஒரே ஓர் ஆசிரியைதான் முன்வந்தார். அவர் வெள்ளைக்காரப் பெண். அந்த ஆண்டு முழுவதும் ஒரு வகுப்பறை, ஓர் ஆசிரியை, ஒரு மாணவி!

வீட்டிலும் அடி விழுந்தது. தகப்பனுக்கு வேலை போயிற்று. மிசிசிப்பியில் தாத்தா பாட்டி பயிரிட்ட குத்தகை நிலத்தை விட்டு வெளியேற்றினார்கள். அக்கம்பக்கத்தார்தான் கைகொடுத்தார்கள். ஒருவர் தகப்பனுக்கு வேலை கொடுத்தார். சிலர் ரூபி போகும் காருக்குப் பின்னால் காவலாக நடந்தார்கள்.

மறு ஆண்டு கூட்டம் இல்லை. கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ரூபியோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

பூட்டிய பள்ளிகள்

எல்லா ஊரிலும் இப்படி முடியவில்லை. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் என்று ஒரு மாவட்டம். கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பள்ளியைப் பூட்டுவதே மேல் என்று அங்கே முடிவு செய்தார்கள். 1959-ல் எல்லா அரசுப் பள்ளிகளையும் மூடினார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கினார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1964 வரை அரசுப் பள்ளி இல்லை. சில பெற்றோர் பிள்ளைகளைத் தூரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரிவு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம். அனுப்ப முடியாதவர்களின் பிள்ளைகள் வயல் வேலைக்குப் போனார்கள்.

இன்னொரு நட்டமும் உண்டு. பள்ளிகளைச் சேர்த்தபோது பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளைத்தான் மூடினார்கள். பல ஆயிரம் கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பிள்ளையின் வீட்டை அறிந்தவர்கள், "நீ முன்னுக்கு வருவாய்" என்று தட்டிக் கொடுத்தவர்கள் அவர்கள். புதுப் பள்ளியில் நல்ல கட்டடம் கிடைத்தது. தட்டிக் கொடுக்கும் கை எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

படிக்கத் தெரியாத தாய்

பள்ளி மட்டும் போதுமா? டெட்ராய்ட் நகரில் வாழ்ந்த சோன்யா கார்சனின் கதையைக் கேளுங்கள்.

சோன்யா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பதின்மூன்று வயதில் கல்யாணம். பிறகு கணவரைப் பிரிந்தார். இரண்டு ஆண் பிள்ளைகளை வளர்க்க, வீடு வீடாகப் போய்ச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். சில நாள் இரண்டு மூன்று வேலை.

இளைய மகன் பென் ஐந்தாம் வகுப்பில் கடைசி மாணவன். மற்ற பிள்ளைகள் அவனை மக்கு என்றார்கள். அவனும் அப்படியே நம்பினான். பள்ளியில் கண் பரிசோதனை நடந்தபோதுதான் அவனுக்குப் பார்வை மங்கல் என்று தெரிந்தது. கண்ணாடி போட்டதும் மதிப்பெண் கொஞ்சம் ஏறியது.

சோன்யா அதோடு விடவில்லை. தாம் வேலை செய்த பணக்கார வீடுகளைக் கவனித்தார். அங்கே நிறையப் புத்தகம் இருந்தது. தொலைக்காட்சியை விடப் புத்தகத்தோடுதான் அவர்கள் அதிக நேரம் இருந்தார்கள். உடனே வீட்டில் சட்டம் போட்டார். வாரத்தில் இரண்டு மூன்று நிகழ்ச்சிதான் பார்க்கலாம். வாரம் இரண்டு நூலகப் புத்தகம் படிக்க வேண்டும். படித்ததை எழுதிக் காட்ட வேண்டும்.

பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். தாய் வாங்கிப் பார்த்து அடையாளக் குறி போடுவார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது பிள்ளைகளுக்கு அப்போது தெரியாது!

பென் கற்களைப் பற்றிய புத்தகம் படித்தான். ஒரு நாள் ஆசிரியர் ஒரு கறுப்புக் கல்லைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பென் மட்டும் சொன்னான். அன்றோடு மக்கு என்ற பேச்சு நின்றது.

பென் கார்சன் மூளை அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஆனார். 1987-ல் தலை ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பிரித்த மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பிற்காலத்தில் அமெரிக்க அமைச்சராகவும் இருந்தார். மூத்த மகன் பொறியாளர் ஆனார். தாய் சோன்யா? அவரும் எழுதப் படிக்கக் கற்றார். பள்ளித் தேர்வு எழுதினார். கல்லூரிக்கும் போனார். 2017-ல் மறைந்தார்.

இன்று அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

இன்று அமெரிக்காவில் கறுப்பினப் பெற்றோருக்கு வழிகள் பல. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, வீட்டிலேயே கற்பித்தல் என்று உண்டு. கறுப்பின மக்களுக்காகத் தோன்றிய கல்லூரிகள் ஏறத்தாழ நூறு உள்ளன. 1867-ல் தொடங்கிய ஹாவர்டு பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று.

வழிகள் பல என்றாலும் கவலை தீரவில்லை. வெள்ளையர் மிகுந்த நல்ல பள்ளியில் சேர்த்தால் பிள்ளை தனியாளாக நிற்கும். சிறு குறும்புக்கும் பெரிய தண்டனை கிடைக்கலாம். தம் மக்கள் மிகுந்த பள்ளியில் சேர்த்தால் பிள்ளைக்குத் துணை உண்டு. ஆனால் அங்கே வசதி குறைவாக இருக்கலாம். இரண்டிலும் ஒன்று கிடைக்கிறது, ஒன்று போகிறது.

ஆகவே விவரம் அறிந்த பெற்றோர் கட்டடத்தை மட்டும் பார்ப்பதில்லை. சில கேள்விகள் கேட்கிறார்கள்.

எம்மைப் போன்றவர்களில் ஆசிரியர் உண்டா? தொடக்கப் பள்ளியில் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த பிள்ளைகள் இடையில் நிற்பது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான வகுப்பில் எம் பிள்ளைக்கும் இடம் உண்டா?

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தண்டனைதானா?

எம் முன்னோர் கதை பாடத்தில் உண்டா?

வீட்டிலும் பேசுகிறார்கள். "உன் நிறத்தைச் சொல்லி யாராவது இழிவாகப் பேசினால் குறை அவர்களிடம்தான், உன்னிடம் இல்லை" என்று சின்ன வயதிலேயே சொல்லி வைக்கிறார்கள்.

தாய்மார்களே! பெரியோர்களே! டொபீகாவில் ஒரு தகப்பன் பள்ளி வாசலுக்கு நடந்து போனார். நியூ ஆர்லியன்சில் ஒரு தாய் பயத்தை விழுங்கிக்கொண்டு பிள்ளையை அனுப்பினார். டெட்ராய்டில் ஒரு தாய் வாரம் இரண்டு புத்தகம் என்று சட்டம் போட்டார். மூவரிடமும் பணம் இல்லை.

இன்று நமக்கு எழுத்துத் தெரியும். பிள்ளையின் நோட்டைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். பெற்றோர் கூட்டத்துக்குப் போகலாம். முன் வரிசையில் உட்காரலாம். எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். வீட்டில் நாமும் நாலு பக்கம் படித்தால் பிள்ளையும் படிக்கும்.

இந்த ஆண்டு பள்ளி திறக்கும்போது பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போய் வாருங்கள்.



கூடிப் பேசுங்கள்

1. அடிமைகள் படிப்பதை ஏன் தடுத்தார்கள்?
2. ரூபியின் தகப்பன் சொன்னது சரியா, தாய் சொன்னது சரியா?
3. படிக்கத் தெரியாத சோன்யா பிள்ளைகளை எப்படிப் படிக்க வைத்தார்?
4. உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போனால் என்ன கேள்விகள் கேட்பீர்கள்? எழுதிப் பாருங்கள்.