இராயப்பரின் வலையும் எண்ணூர் முகத்துவாரமும்

(நமது பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொன்விழாக் கூட்டத்தில் பேச்சு என்றால் கோயில் எழும்பிய வரலாறு, கொடிமரம், தேர்ப்பவனி இவற்றையே எதிர்பார்ப்பீர்கள். அதைச் சொல்ல என்னைவிடத் தகுந்த பெரியவர்கள் மேடையில் இருக்கிறார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் "விசுவாசமும் நம் சுற்றுப்புறமும்" என்பது. சுற்றுப்புறம் என்றதும் மரம் நடுவதும் குப்பை கூட்டுவதுமே பலருக்கு நினைவுக்கு வரும். நல்ல காரியங்கள்தாம். ஆனால் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் குடியிருக்கிற நமக்கு அது மூச்சைப் பற்றியது, அடுப்பைப் பற்றியது.

புனித பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்தார்கள். இராயபுரம் என்ற பெயரே அவரால் வந்தது என்பார்கள். அருளப்பர் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் அந்த இராயப்பர் இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் நின்ற ஆண்டவர் காட்டிய பக்கம் போட்டார்கள். 153 பெரிய மீன்கள். இதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அதற்கடுத்த காட்சியைத்தான் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். கரி நெருப்பில் மீன் சுட்டு வைத்திருந்தவர், நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்று கேட்கிறார். உயிர்த்த ஆண்டவருக்கு மீனவன் கைப்பட்ட மீனும் வேண்டியிருந்தது.

2023 டிசம்பரில் அவர் நம் எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து நின்று அப்படிக் கேட்டிருந்தால் எதைக் கொடுத்திருப்போம்? மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கிக் கடல்வரை படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் எண்ணெயோடு நின்றதைப் பத்திரிகைகளில் பார்த்தீர்கள். அரசு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பணம் ஒருநாள் வரும். இறால் எப்போது திரும்பி வரும் என்று யார் சொல்ல முடியும்?

இது முதல் தடவையும் அல்ல. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, பெரிதாக ஒன்றுமில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. பிறகு கரை ஒதுங்கிய எண்ணெய்க் குழம்பை எர்ணாவூர் ஓரத்தில் இளைஞர்கள் வாளி வாளியாக அள்ளினார்கள். ராக்கெட் விடுகிற நாட்டில் வாளிதான் கிடைத்தது.

இன்னும் பின்னே போனால், 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு வருவது இந்தக் கடலின் குணம். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தங்கியது, மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் நம் கரையைக் கடல் தின்றது. நமக்குக் கிடைத்தது கருங்கல் சுவர். மெரினாவில் காற்று வாங்கப் போகிறவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் காலடியில் இருக்கிற மணலில் நம் குப்பங்களின் மணலும் உண்டு.

இங்கேதான் நமக்குள் ஒரு சங்கடம் இருக்கிறது. அதை மூடி மறைத்துப் பேசுவது விழாவுக்கு அழகாக இருக்கலாம், உண்மைக்கு அழகல்ல. நம் பங்கிலே வலை இழுக்கிற குடும்பமும் உண்டு, ஆலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பமும் உண்டு. ஒரே வீட்டில் அண்ணன் கடலுக்குப் போவான், தம்பி ஷிப்டுக்குப் போவான். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டபோது புகை போயிற்று என்று மகிழ்ந்தவர்களும், பிழைப்பு போயிற்று என்று வருந்தியவர்களும் ஒரே பூசைக்குத்தான் வந்தார்கள். 1891இல் தொழிலாளரின் உரிமைக்காகச் சுற்றுமடல் எழுதிய பாப்பரசர் 13ஆம் சிங்கராயரும் நம்முடையவர்தான். 2015இல் "லவுதாத்தோ சி" என்ற சுற்றுமடலில் பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்துக் கேட்கச் சொன்ன பாப்பரசர் பிரான்சிசும் நம்முடையவர்தான். ஆகவே ஆலையை மூடு என்பது என் பேச்சல்ல. ஆலையின் கழிவை அடுத்தவன் சோற்றில் கொட்டாதே என்பதுதான்.

அதே சுற்றுமடலில், படைப்பைக் கெடுப்பது பாவம் என்று கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெரும் தந்தை பர்த்தலோமேயு சொன்னதைப் பாப்பரசர் எடுத்துக்காட்டுகிறார். பாவசங்கீர்த்தனத்தில் நாம் பொய்யைச் சொல்கிறோம், கோபத்தைச் சொல்கிறோம். ராத்திரி மழையில் கழிவைத் திறந்துவிட்டதை எந்த மேலாளராவது சொல்வாரா? எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு வால்வு கசிகிறது, ஒரு தொட்டி நிரம்பி வழியப் போகிறது என்று முதலில் தெரிவது உள்ளே வேலை செய்கிறவனுக்கு. ஆனால் காண்ட்ராக்ட் தொழிலாளி தனியாக வாய் திறந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியேதான் நிற்பான். அவனைத் தனியாக விட்டுவிட்டு, அவன் ஏன் பேசவில்லை என்று மீனவச் சகோதரர் கேட்பது நியாயமாகாது. அவன் பெயரை வெளியே விடாமல் விஷயத்தை உரிய அதிகாரிகளிடம் கொண்டுபோக வின்சென்ட் தே பவுல் சபையாலும் இளைஞர் மன்றத்தாலும் முடியும்.

2023 டிசம்பர் 26, புனித முடியப்பர் திருநாள். வீடுகளில் நட்சத்திரமும் குடிலும் இன்னும் எடுக்கவில்லை. நள்ளிரவு நெருங்கும் வேளையில், கப்பலிலிருந்து ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் பெரியகுப்பம் அருகே கசிந்தது. கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா தண்ணீரில் கரைகிற வாயு. ஈரத்துணியை மூக்கில் பிடித்துக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போகவேண்டும். இதை நம் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தால் என்ன?

ஐம்பது வருடமாக நம் கோயில் மணி பூசைக்கும் மூவேளைச் செபத்துக்கும் சாவுக்கும் அடிக்கிறது. வாயுக் கசிவுக்கென்று தனியாக ஒரு மணியடி வைத்துக்கொள்ளலாம் என்று பங்குத் தந்தையிடம் கேட்டேன், சம்மதித்தார். எப்படி அடிப்பது, நள்ளிரவில் சாவி யாரிடம் இருப்பது, நடக்க முடியாத முதியவர்களை எந்தத் தெருவில் யார் தூக்குவது, இவற்றை முடிவு செய்ய வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பள்ளி மண்டபத்தில் கூடுகிறோம். ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் அவசியம் வரவேண்டும். எந்தக் குழாய் எந்தத் தெருவுக்கு அடியில் போகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.