ஆபரேஷனுக்கு முன் ஒரு மாத்திரை

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்கிறோம். கருத்தடை மாத்திரையை மட்டும், பக்கத்தில் மாமியார் நிற்கிறாரே என்று பல பெண்கள் சொல்லாமல் விடுகிறார்கள். அவசியம் சொல்லுங்கள், அம்மா.

மாலா-என் போன்ற மாத்திரைகளில் உள்ள ஈஸ்ட்ரோஜன், ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். பெரிய ஆபரேஷனுக்குப் பின் அசையாமல் படுத்திருக்கையில் காலில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வதுண்டு. சின்ன ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் தேவையில்லை.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அந்த இடைவெளியில் கரு தங்கிவிடலாம். ஆணுறை போன்ற மாற்று வழியைக் கேளுங்கள். மாதவிலக்கு சீராகத் தரும் மாத்திரையும் இதே வகையாக இருக்கலாம். அட்டையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.